சிரட்டைக் கரியும் சேமக்கலமும்

பரம்பிக்குளம் கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் மோட்டார் வண்டியில் அங்குச் செல்ல விரும்புவோர் தமிழ்நாட்டிற்குள் புகுந்து, பொள்ளாச்சியையும் சேத்துமடையையும் கடந்து, ஆனைமலைக் காட்டின் வழியாகவே செல்லுதல் வேண்டும். அதே மலைத்தொடரின் தென்பால், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் இடமலைக்குடி உள்ளது. 2010-ஆம் ஆண்டில் கேரளத்தின் முதலாவது பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பெற்ற அவ்விடத்தில், முதுவர் இன மக்கள் காட்டினிடையே ஒன்றுக்கொன்று தொலைவாக அமைந்த பல குடிகளில் வாழ்கின்றனர். மலையும் காடும் சூழ்ந்த இத்தகைய எல்லைப்புறங்களுக்கு மின்கம்பிகளைக் கொண்டு செல்வது எளிதன்று. கொண்டு சென்ற கம்பிகளும் பெருமழைக் காலத்தில் மரங்கள் சாய்வதால் அறுபடுவது உண்டு. பகலில் சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றிச் சேமித்து, இரவில் விளக்கேற்றும் முறையே இத்தகைய குடியிருப்புகளுக்கு ஏற்றதாகும்.

இம்முறையில் மூன்று உறுப்புகள் உள்ளன: ஒளியை மின்சாரமாக மாற்றும் தகடு, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சேமக்கலம், விளக்கு. தகடு 20 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்க வல்லது. சேமக்கலமோ, தக்கவாறு பேணப்படாவிடின், சில ஆண்டுகளிலேயே செயலற்றுப் போகிறது. அதன்பின் கூரைமேல் தகடு பழுதின்றி இருந்தும், கீழே வீடு இருளில் ஆழ்கிறது. பிள்ளைகளின் படிப்பும், நள்ளிரவில் நேரும் பேறுகால உதவியும், மருத்துவரை அழைக்கும் தொலைபேசியும் அந்த ஒரு பெட்டியையே நம்பியுள்ளன. அப்பெட்டியின் ஆயுளை நீட்டிப்பதில் கரி என்னும் எளிய பொருள் கொண்டுள்ள பங்கு வியக்கத்தக்கது. அதிலும் வியப்பு யாதெனில், இதற்கு உதவக்கூடிய கரிகளுள் ஒன்று அம்மலைகளின் அடிவாரத்துத் தென்னந்தோப்புகளிலேயே விளைகிறது.

காரீயக் கலத்தின் குறை

இன்றும் பெரிதும் வழக்கில் உள்ள காரீயச் சேமக்கலத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாண்டே 1859-ஆம் ஆண்டில் அமைத்தார். கந்தக அமிலத்தில் ஒரு காரீயத் தகடும் ஒரு காரீய ஆக்சைடுத் தகடும் அமிழ்ந்திருக்கும். மின்சாரம் வெளிப்படும்போது இரு தகடுகளின் மேலும் காரீய சல்பேட்டு படிகிறது. மீண்டும் மின்னேற்றும்போது அப்படிவு கரைந்து, தகடுகள் பழைய நிலையை அடைகின்றன. கலத்தைக் குறைந்த மின்னேற்றத்திலேயே நெடுநாள் வைத்திருந்தால், நுண்ணிய சல்பேட்டுப் படிகங்கள் ஒன்றுகூடிப் பெரிய படிகங்களாக வளர்கின்றன. பெரிய படிகங்கள் எளிதில் கரைவதில்லை. தகட்டின் ஒரு பகுதி இவ்வாறு அடைபட்டுப் போக, கலத்தின் கொள்ளளவு நாளடைவில் குன்றுகிறது.

மேற்கு மலைகளின் தட்பவெப்பம் இக்குறையை மிகுவிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பொழியும் நாள்களில், வானம் நாள்கணக்கில் மூடியிருக்கும். பகலில் ஏறும் மின்சாரம் சிறிது. இரவில் இறங்கும் மின்சாரமோ குறைவதில்லை. ஆகவே கலம் முழு ஏற்றம் பெறாமலே வாரக்கணக்கில் கிடக்கிறது. சல்பேட்டுப் படிகங்கள் வளர இதனினும் ஏற்ற நிலைமை வேறில்லை.

சுமையும் ஒரு சிக்கலே. 12 வோல்ட்டும் 100 ஆம்பியர்-மணியும் கொண்ட காரீயக் கலம் ஏறத்தாழ 30 கிலோகிராம் எடையுள்ளது. அதன் சேமிப்பில் பாதிக்குமேல் அடிக்கடி செலவிட்டால் ஆயுள் குறையுமாதலால், பயன்படுவது பாதியளவே. இரும்பு பாஸ்பேட்டு வகை லிதியம் கலம் இதே சேமிப்பை ஏறத்தாழ 12 கிலோகிராமில் அடக்கி விடுகிறது. அதன் பெரும்பகுதியைச் செலவிடவும் இயலும். வண்டி செல்லாத காட்டுத் தடத்தில் சுமந்து செல்வோருக்கு இவ்வேறுபாட்டின் பொருள் நன்கு விளங்கும்.

காரீயக் கலத்திற்கும் கரி ஒருவாறு துணைபுரிகிறது. அதன் எதிர்மின் தகட்டில் நுண்கரித் தூளைச் சிறிதளவு கலந்தால், மின்சாரம் தகடு முழுவதும் பரவுகிறது. சல்பேட்டுப் படிகங்களும் சிறியனவாகவே நின்று எளிதில் கரைகின்றன. ஆஸ்திரேலியாவின் அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம், காரீயத் தகட்டோடு கரித் தகட்டையும் இணைத்து அமைத்த கலம் இவ்வகையில் புகழ்பெற்றது. ஆனால் கரி மிகுந்தால் மின்னேற்றும்போது நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதும் மிகும். எவ்வளவு கரி, எத்தகைய கரி என்பதே வினா. அவ்வினா லிதியம் கலத்திலும் தொடர்கிறது.

ஒரே அணு, பல உருவங்கள்

கரியணுக்கள் தம்முள் இணையும் முறைக்கேற்ப வைரமாகவும், கிராபைட்டாகவும், அடுப்புக் கரியாகவும் தோன்றுகின்றன. பென்சிலில் பயன்படும் கிராபைட்டில் அணுக்கள் அறுகோணங்களாகப் பின்னப்பட்டு, தட்டையான ஏடுகளாக அமைந்துள்ளன. அடுத்தடுத்த ஏடுகளுக்கிடையே உள்ள தொலைவு 0.335 நானோமீட்டர். நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால், இவ்வளவின் நுண்மை புலனாகும்.

ஏடுகளுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தால் அதுவே கிராபீன். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கைமும் நோவோசெலோவும் ஒட்டும் நாடாவைக் கொண்டு கிராபைட்டை உரித்து, 2004-ஆம் ஆண்டில் இதனைப் பற்றி வெளியிட்டனர். 2010-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஏட்டைக் குழலாகச் சுருட்டினாற்போன்ற கரி நுண்குழல்களை ஜப்பானிய விஞ்ஞானி இஜிமா 1991-இல் விளக்கினார். சில நானோமீட்டர் விட்டமே உடைய இக்குழல்கள் மின்சாரத்தை நன்கு கடத்துகின்றன. இழுவிசையையும் பெரிதும் தாங்குகின்றன. நானோ அளவினவாகிய இவ்வகைக் கரிகள் அனைத்தும் மீநுண் கரிகள் எனப்படும்.

லிதியம் கலத்தில் கரி

மீண்டும் மின்னேற்றக்கூடிய லிதியம் கலமும் 1991-ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் சோனி நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. இதற்கு வழிவகுத்த விட்டிங்ஹாம், குடினஃப், யோஷினோ ஆகிய மூவரும் 2019-இல் இரசாயனத்திற்கான நோபெல் பரிசைப் பெற்றனர். முதுமையுற்றிருந்த குடினஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் பரிசுச் சொற்பொழிவை ஆற்றியவர், தமிழ்நாட்டில் பிறந்து மதுரையில் பயின்ற பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம் ஆவார்.

இக்கலத்தின் எதிர்மின்வாய் கரியால் ஆனது. மின்னேற்றும்போது லிதியம் அயனிகள் நேர்மின்வாயை விட்டுப் புறப்பட்டு, திரவத்தின் வழியே வந்து, கிராபைட்டின் ஏடுகளுக்கிடையே புகுந்து தங்குகின்றன. மின்சாரம் செலவாகும்போது வந்த வழியே திரும்புகின்றன. வழிப்போக்கர் சத்திரத்தில் இரவு தங்கி, பொழுது விடிந்ததும் புறப்படுவது போன்றது இது. சத்திரத்தின் சுவர்கள் இடியாமல் நிற்குமட்டும் கலமும் உழைக்கும். நிரம்பிய நிலையில் ஆறு கரியணுக்களுக்கு ஒரு லிதியம் அயனி என்பது கணக்கு. இதன்படி 1 கிராம் கிராபைட்டு 372 மில்லி ஆம்பியர்-மணி அளவே மின்சாரத்தைக் கொள்ளும்; அதற்கு மேல் இடமில்லை.

இவ்வெல்லையைக் கடக்கச் சிலிக்கனை நாடுகின்றனர். சிலிக்கன் கிராபைட்டைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு லிதியத்தை ஏற்கும். ஆனால் அவ்வாறு ஏற்கையில் அது தன் பருமனில் ஏறத்தாழ 4 மடங்காகப் பருத்து, திரும்பவும் சுருங்கி, நாளடைவில் பொடிந்து விடுகிறது. சிலிக்கன் துகள்களைக் கரி நுண்குழல்களால் வலைபோலப் பிணைத்தால், துகள் விரிந்து சுருங்கினும் மின்தொடர்பு அறுவதில்லை.

நேர்மின்வாயிலும் மீநுண் கரிக்கு வேலை உண்டு. 1997-ஆம் ஆண்டில் குடினஃப் ஆய்வுக்கூடத்தில் பாதி, நஞ்சுண்டசுவாமி முதலிய இந்திய ஆராய்ச்சியாளர்கள் இரும்பு பாஸ்பேட்டு வகை நேர்மின்வாயை வெளிப்படுத்தினர். இது விலை மலிந்தது, எளிதில் தீப்பற்றாதது. எனினும் மின்சாரத்தைக் கடத்துவதில் மிகவும் பின்தங்கியது. அதன் துகள்கள்மேல் சில நானோமீட்டர் தடிப்புள்ள கரிப் பூச்சை ஏற்றிய பின்னரே அது பயனுக்கு வந்தது. இன்று நுண்குழல்களை நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவாகச் சேர்த்தே தேவையான கடத்துதிறனைப் பெற முடிகிறது.

பரப்பு மிகுதி எப்போதும் நன்மையா?

மீநுண் கரிகளின் சிறப்பைக் கூறுவோர், அவற்றின் பரப்பு மிகுதியை முதலில் குறிப்பிடுவர். 1 கிராம் கிராபீனின் பரப்பு, கணக்கின்படி, 2,630 சதுர மீட்டர். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் கிளர்வுற்ற கரியிலும் 1 கிராமுக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு உண்டு. அதாவது கால் ஏக்கர் நிலம் ஒரு சிட்டிகைத் தூளில் மடிந்து கிடக்கிறது. இத்துணைப் பரப்பு சேமக்கலத்திற்குப் பெரும்பேறாகும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று.

முதன்முறை மின்னேற்றும்போது, கலத்திலுள்ள திரவம் கரியின் மேற்பரப்பில் ஓரளவு சிதைந்து, ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. இப்படலம் மேலும் சிதைவு நிகழாமல் காப்பதால் அது இன்றியமையாதது. ஆனால் அதனை ஆக்குவதில் செலவாகும் லிதியம் மீண்டும் கிட்டாது. பரப்பு மிகுந்தால் படலமும் மிகும், இழப்பும் மிகும். கால் ஏக்கர் நிலத்திற்கு வேலியிடுவதற்கும் ஒரு பாத்திக்கு வேலியிடுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஆகவே கிளர்வுற்ற கரியை அப்படியே எதிர்மின்வாயாக அமைத்தால், முதல் நாளிலேயே லிதியத்தின் பெரும்பகுதி வீணாகிவிடும்.

பரப்பு மிகுதி உண்மையில் பயன்படுவது மீமின்தேக்கி என்னும் மற்றொரு கருவியில்தான். அங்கு அயனிகள் கரிக்குள் புகுவதில்லை. மேற்பரப்பை ஒட்டி நிற்கின்றன. எனவே நொடிப்பொழுதில் ஏறி இறங்குகின்றன. இலட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினும் கரி தேய்வதில்லை. ஆனால் சேமிக்கும் ஆற்றல் குறைவு. ஓரிரவு முழுவதும் விளக்கெரிக்க அது போதாது. கருவியின் வேலைக்கு ஏற்பக் கரியின் உள்ளமைப்பு வேறுபட வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

சிரட்டைக் கரியின் தகுதி

பாலக்காட்டுக் கணவாயின் இருபுறத்திலும், சிற்றூர், கொல்லங்கோடு, பொள்ளாச்சி ஆகிய பகுதிகளில் தென்னை செழித்து வளர்கிறது. கொப்பரை எடுத்தபின் எஞ்சும் சிரட்டையைக் கொங்கு நாட்டார் தொட்டி என்பர். காற்றுப் புகாதவாறு அதனைச் சுட்டுத் தொட்டிக்கரி ஆக்குகின்றனர். 100 கிலோகிராம் சிரட்டையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோகிராம் கரி கிடைக்கும். காங்கயம் முதலிய இடங்களில் உள்ள ஆலைகள் இக்கரியை நீராவியால் கிளர்வித்து, நீரைத் தூய்மை செய்யவும் பொன்னைப் பிரித்தெடுக்கவும் அனுப்புகின்றன.

இக்கரிக்கு மற்றொரு பண்பும் உண்டு. 1951-ஆம் ஆண்டில் ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் ஆங்கில விஞ்ஞானி, கரிகளை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். பெட்ரோலியக் கோக்கு போன்றவை மிகுந்த வெப்பத்தில் கிராபைட்டாக மாறும். மற்றொரு வகை எவ்வளவு சூடேற்றினும் மாறாது. சிரட்டைக் கரி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மரத்தன்மையுள்ள சிரட்டை உருகாமலே கரியாவதால், அதன் ஏடுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள இயலாமல், சிறுசிறு துணுக்குகளாக முன்னும் பின்னும் கிடக்கின்றன. அவற்றிற்கிடையே நானோமீட்டர் அளவுள்ள வெற்றிடங்கள் அமைகின்றன. இதற்குக் கடுங்கரி என்று பெயர்.

கிராபைட்டில் லிதியம் தங்கும்; அதனினும் பெரிய சோடியம் அயனி அதன் ஏடுகளுக்கிடையே தகுந்த அளவில் தங்குவதில்லை. கடுங்கரியிலோ ஏடுகளின் இடைவெளி அகன்றிருப்பதால் சோடியம் புகுகிறது. உட்புற வெற்றிடங்களிலும் சேர்கிறது. ஸ்டீவன்ஸ், டான் ஆகிய இருவரும் கனடாவில் 2000-ஆம் ஆண்டில் குளுக்கோசிலிருந்து செய்த கடுங்கரியில், 1 கிராமுக்கு ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர்-மணி சோடியம் வழியாகச் சேமிக்கலாம் என்று காட்டினர். இதன்பின் சோடியம் கலத்தைப் பற்றிய ஆராய்ச்சி புத்துயிர் பெற்றது. சோடியம் கலம் லிதியம் கலத்தைவிட எடை மிகுந்ததே; ஆயினும் வீட்டு விளக்கிற்கு அது பெருங்குறை அன்று. சோடியமோ உப்பில் உள்ளது. தூத்துக்குடி உப்பளங்களை அறிந்தோர்க்கு அதன் மிகுதியைக் கூற வேண்டுவதில்லை. விலையுயர்ந்த செம்புத் தகட்டிற்கு மாறாக, இரு மின்வாய்களிலும் அலுமினியத் தகட்டையே பயன்படுத்தலாம் என்பதும் ஒரு சிறப்பு.

எனினும் கரிக்குழியிலிருந்து எடுத்த கரி உடனே மின்வாய் ஆகிவிடாது. சிரட்டையில் இயல்பாக உள்ள பொட்டாசியம் முதலிய உப்புக்கள் சாம்பலாக எஞ்சி, கலத்தில் வேண்டாத வினைகளைத் தூண்டும். ஆகையால் கரியை அமிலத்தால் கழுவி, நீரால் அலசி உலர்த்த வேண்டும். பின்னர் ஆக்சிஜன் இல்லாத சூழலில் 1,000 முதல் 1,500 பாகை சென்டிகிரேடு வரை சூடேற்ற வேண்டும். இவ்வெப்பத்தில் வெளிப்புறத் துளைகள் மூடிக்கொள்ள, உட்புற வெற்றிடங்கள் மட்டும் எஞ்சுகின்றன; பரப்பு 1 கிராமுக்குச் சில சதுர மீட்டராகக் குறைகிறது. வடிகட்டும் கரிக்குத் துளைகள் திறந்திருக்க வேண்டும். மின்வாய்க் கரிக்கோ அவை மூடியிருக்க வேண்டும். ஒரே சிரட்டையிலிருந்து பிறக்கும் இவ்விரண்டு கரிகளின் வேறுபாடு இதில் அடங்கியுள்ளது.

சீரான தரம் மற்றொரு தேவை. திறந்த குழியில் சுடும்போது மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒரே வெப்பத்தை அடைவதில்லை, மண்ணும் மணலும் கலக்கின்றன, புகையும் பரவுகிறது. மூடிய உலைகளில் வெப்பத்தை அளந்து சுடுவது, கரியின் தரத்திற்கும் சுற்றுப்புறத்தார் நலத்திற்கும் ஒருங்கே ஏற்றது. நுண்குழல்களைக் கையாளுமிடத்தும் எச்சரிக்கை வேண்டும். அவற்றின் தூசு நுரையீரலுக்குத் தீங்கு விளைக்கக்கூடுமாதலால், தொழிலாளர் அதனைச் சுவாசியாதவாறு காத்தல் இன்றியமையாதது.

அண்மையில் உள்ள ஆய்வுக்கூடங்கள்

இத்துறைக்கு வேண்டிய அறிவு தொலைவில் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாய் நன்கொடையிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு, நேரு 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் அடிக்கல் நாட்டினார். டாக்டர் இராதாகிருஷ்ணன் 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் அதனைத் திறந்து வைத்தார். சேமக்கல ஆராய்ச்சியில் நெடுநாள் பழக்கமுள்ள இந்நிலையம், லிதியம் கலங்களை மாதிரியாகச் செய்து காட்டும் கூடத்தைச் சென்னையில் அமைத்தது. அந்நிலையம் அமைந்துள்ள சிவகங்கை மாவட்டத்திலேயே கிராபைட்டும் கிடைக்கிறது. அங்குள்ள கற்பாறையில் கரியின் அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு. தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் ஆலை அதனை நூற்றுக்கு 96 பங்கு வரை செறிவூட்டுகிறது. சேமக்கலத்திற்கோ 99.9 பங்கிற்கு மேல் தூய்மை வேண்டும். எஞ்சியுள்ள அந்தச் சில பங்குகளைக் கடப்பதே கடினமான பணி.

கணவாயின் மேற்கே, திருச்சூரில் உள்ள மின்னணுப் பொருள் தொழில்நுட்ப மையம், மீமின்தேக்கிகளுக்கான கரியில் ஆராய்ச்சி நடத்தியுள்ளது. பாலக்காட்டிலேயே 2015-ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று தொடங்கப்பெற்றது. கரி சுடுவோரின் தொழில்பழக்கமும், ஆய்வுக்கூடங்களின் அளவைக் கருவிகளும் ஒரே கணவாயின் வழியில் அமைந்திருப்பது நற்பேறு. இரண்டும் ஒன்றையொன்று அடையும் நாளில், நீர்வடிகட்டிக்குரிய கரியாக மட்டும் வெளியேறும் சிரட்டைக்கு இரண்டாவது சந்தை ஒன்று பிறக்கும்.

ஆய்வுக்கூடத்தில் ஆயிரம் முறை ஏறி இறங்கிய கலம் மலையில் எவ்வாறு உழைக்கும் என்பதைத் தனியே சோதித்தறிதல் வேண்டும். அங்குப் பகலொளி நாளுக்கு நாள் மாறும். பெட்டியினுள் ஈரம் கசியும். பழுதுபார்ப்பவர் ஒரு நாள் நடந்து வரவேண்டியிருக்கும். ஆகவே புதிய மின்வாய் எதுவாயினும், ஒரு தென்மேற்குப் பருவமழை முழுவதும், அரைகுறை மின்னேற்றத்திலேயே, அத்தகைய குடி ஒன்றில் வைத்துப் பார்க்கப்பட வேண்டும். அதன் கொள்ளளவு எத்துணை மில்லி ஆம்பியர்-மணி என்பதோடு, ஆடி மாதத்து நள்ளிரவில் விளக்கு எரிகின்றதா என்பதும் அதன் அளவுகோலாதல் தகும்.